எடுத்துச் செய்ய யார் இருக்கிறார்கள்?



சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் வீடு. விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மகன் ஈமச்சேவைக் கடைக்குப் போன் அடிக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் பதறாமல் கேட்கிறார். எரிப்பதா, புதைப்பதா? பண்டாரம் வைத்துச் சடங்கா, தேவாரம் மட்டும் போதுமா? தப்பு வேண்டுமா? படத்தின் கீழே அடையாள அட்டைப் பெயரா, ஊர் கூப்பிடும் பெயரா? வெளியூரிலிருந்து யார் வர வேண்டும், எத்தனை மணிக்கு எடுப்பது? கொள்ளி யார் வைப்பது?

மகனுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பதில் சொல்கிற நிலையில் அம்மா இல்லை. அக்கா ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறார், சித்தப்பா இரண்டையும் மறுக்கிறார். விடிவதற்குள் முடிவாக வேண்டிய இத்தனையும் அந்த வீட்டில் ஒருநாள்கூடப் பேசப்பட்டதில்லை. கெடா ஊர்களில் சாவு வீட்டுக்குப் போய் வருகிற யாருக்கும் இது தெரிந்த காட்சிதான்.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றே. தோட்டம் இருந்தவரை சாவைத் தோட்டமே எடுத்துச் செய்தது. தோட்டம் கலைந்த பிறகு அந்த வேலை ஊருக்கு ஊர் இருக்கிற சிறிய குடும்பக் கடைகளின் கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் நல்ல நாளில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே போய் உட்கார்ந்து பேசுவது பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. அதை அபசகுனம் என்று தள்ளிவைத்தது போதும்.

தோட்டத்தில் எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹார்வர்ட், டப்ளின், பேடனோக், பத்தானி பாரா, விக்டோரியா என்று பெயர் சொன்னாலே இந்த மாநிலத்துப் பெரியவர்களுக்குப் பால்மர வாசனையும் லயத்துப் புகையும் நினைவுக்கு வரும். லயத்தில் ஒருவர் கண் மூடினால் யாரும் யாரையும் வேலை ஏவ வேண்டியதில்லை. இரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குச் சொல்லிவிடப் போவார்கள். ஒருவர் கிராணியைப் பார்க்க ஆபீசுக்கு ஓடுவார். பிரட்டுக்குப் போனவர்களில் உறவுக்காரர்கள் திரும்பி வருவார்கள். தச்சு வேலை தெரிந்தவர் பலகைக்கு அளவெடுப்பார். நாலு இளைஞர்கள் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில் காப்பியும் சோறும் தயாராகும். செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வசூல் உண்டு. நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம் என்று ஒவ்வொன்றுக்கும் உரியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சாவில் எது அந்த மனிதருக்கே உரியதாக இருந்தது? ஒப்பாரி. லயத்துக்கு ஒரு பாட்டியாவது ஒப்பாரி கட்டத் தெரிந்தவராக இருப்பார். இறந்தவர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எத்தனை பிள்ளை பெற்றார், எந்தக் கங்காணியை எதிர்த்துப் பேசினார், கடைசியாக என்ன சாப்பிட ஆசைப்பட்டார் என்பதெல்லாம் ராகத்தோடு வந்து விழும். ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்க்கை வரலாறு ஒரே ஒரு முறை, எழுதப்படாமல், அவர் காதுக்குக் கேட்காத நேரத்தில் முழுசாகச் சொல்லப்பட்டது. தனிமனிதருக்கேற்ற இறுதிச் சடங்கு என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டிகளை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் கூடாது. தப்பு அடிப்பவரைத் தள்ளி நிறுத்திய சாதிப் புத்தி லயத்திலும் இருந்தது. குழி தோண்டியவருக்குக் கூலி பல நேரம் கள்ளாகவே போனது. சாவுக்கும் கள்ளுக்கும் இருந்த உறவு பல குடும்பங்களைக் கடனில் தள்ளியது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, 1946, 1947 ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதற்குப் பின்னால் இந்த வேதனையும் உண்டு. பெண்கள் முச்சந்தியோடு நிறுத்தப்பட்டார்கள். மகள் இருந்தும் தூரத்து உறவில் ஓர் ஆணைத் தேடிக் கொள்ளி வைக்கச் சொன்ன கொடுமையும் அந்தப் பழைய ஒழுங்கின் பகுதிதான்.

சாவே எடுக்கப்படாமல் போனவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களில் கெடாக்காரர்களும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. காலராவிலும் பட்டினியிலும் செத்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படிப் பெயர் வெட்டிய கற்கள் இல்லை. கணவன் செத்தானா, எங்கேயோ இருக்கிறானா என்று தெரியாமலே தாலியோடு காத்திருந்த பெண்கள் தோட்டங்களில் இருந்தார்கள். ஒரு மனிதரை முறையாக அனுப்பிவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தச் சமூகம் அந்த வழியாகவும் கற்றிருக்கிறது.

பிறகு தோட்டங்கள் உடையத் தொடங்கின. வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளிகள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கியது இந்தக் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். அப்படித் தப்பியவை சில. மற்றவை செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் அங்கும், பினாங்கு ஆலைகளுக்கும், சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இருபது குடும்பங்கள் இருபது தாமான்களுக்குச் சிதறின. குழி தோண்டவும் ஒப்பாரி கட்டவும் தெரிந்த தலைமுறை ஒவ்வொருவராகப் போனது.

பெட்டி அதற்கு முன்பே கடைக்குப் போயிருந்தது. சிறு பட்டணங்களில் சீனத் தச்சர்களின் சவப்பெட்டிக் கடைதான் தமிழருக்கும் பெட்டி கொடுத்தது. பெட்டி மட்டும் அங்கே, மற்ற எல்லாம் நம் ஆட்கள் என்று சில காலம் ஓடியது. மற்றதைச் செய்ய ஆள் குறைந்தபோதுதான் தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தொழிலில் கால் வைத்தன.

இந்தக் குடும்பக் கடைகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. ஒரு கடைவீட்டின் முன்பக்கத்தில் நாலு பெட்டிகள், சுவரில் ஒரு சாமி படம், பக்கத்தில் வேன். தகப்பனார் பெட்டியையும் கணக்கையும் பார்ப்பார். மகன் வேன் ஓட்டுவார், கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் ஏற்பாடு செய்வார், மின்சுடலையில் நேரம் வாங்குவார். பெண்களின் உடலைக் குளிப்பாட்டி உடுத்துவது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. மனைவியோ மருமகளோ அதைச் செய்யும் கடைகளைத் தேடிப் போகும் குடும்பங்கள் உண்டு. அம்மாவின் உடலை வேற்று ஆண்கள் தொடக் கூடாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது.

அந்தப் பெண்களின் கைவேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். உயிர் பிரிந்து சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கண்ணை மூடி, தாடைக் கட்டும் கால் கட்டைவிரல் கட்டும் போட்டாக வேண்டும். விறைத்த உடம்புக்கு ரவிக்கை போட முடியாது. அதனால் ரவிக்கையின் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழாக வெட்டி, கைகளை முன்பக்கமாக நுழைத்து, இரண்டு ஓரத்தையும் உடலுக்கு அடியில் செருகுவார்கள். புடவைக் கொசுவத்தைத் தனியாக மடித்து ஊசி குத்தி வைத்துக்கொண்டு பிறகு இடுப்பில் வைப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அம்மா எப்போதும் போலப் புடவை கட்டிப் படுத்திருப்பதாகத் தெரியும். பழக்கப்பட்டவர்கள் இதைச் செய்யும்போது இறந்தவரிடம் பேசிக்கொண்டே செய்வார்கள்: “கையைக் கொஞ்சம் கொடும்மா, இதோ முடிஞ்சிருச்சு.”

பெரிய நிறுவனங்களும் இதே மாநிலத்தில் இருக்கின்றன. 1990இல் தொடங்கிய நிர்வானா போன்ற குழுமங்கள் முன்கூட்டியே பணம் கட்டி இடமும் சடங்கும் வாங்கி வைக்கும் வழக்கத்தை மலேசியாவில் பரப்பின. சீனக் குடும்பங்களில் இது சகஜமாகிவிட்டது. தமிழர்களில் பலர் இன்னும் குடும்பக் கடைக்கே போகிறார்கள். காரணம் விலை மட்டுமில்லை. அந்தக் கடைக்காரருக்குத் தாத்தாவையும் தெரியும், எந்தத் தோட்டத்து ஆட்கள், எந்தக் குலதெய்வம், வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும். கொள்ளிக்கும் நெய்ப்பந்தத்துக்கும் ஆளை வரிசையாக நிறுத்தும்போது அந்த அறிவு ஒரு சண்டையைத் தவிர்த்துவிடும்.

ஆனால் எவ்வளவு நல்ல கடைக்காரரானாலும் இறந்தவரின் மனதை அவரால் ஊகிக்க முடியாது. அதைச் சொல்லி வைக்க வேண்டியவர் உயிரோடு இருப்பவர்தான்.

தமிழ்நாட்டில் அப்படிச் சொல்லி வைத்த ஒருவரின் இறுதிப் பயணத்தை இங்குள்ளவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மு. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார். அவரை வைத்த பேழையில் பொறிக்கப்பட்டிருந்த வாசகம் அவரே பல ஆண்டுகளுக்கு முன் தனக்காக எழுதியது. எங்கே அடக்கம் என்பதற்கு மட்டும் இரவோடு இரவாக உயர்நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது. மறுநாள் காலை தீர்ப்பு வந்த பிறகே மெரினாவில் அண்ணாவின் பக்கத்தில் இடம் உறுதியானது. அவ்வளவு பெரிய குடும்பமும் கட்சியும் இருந்தவருக்கே இடம் கடைசி நேரத்துச் சிக்கலாயிற்று.

ஜப்பானில் 2009இலிருந்து, முன்பே சொல்லி வைப்பதற்கென்று ஒரு பழக்கமே பரவியிருக்கிறது. வயதானவர்கள் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குகிறார்கள். தங்கள் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் படத்தை வைக்க வேண்டும், எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பதையெல்லாம் தங்கள் கையாலேயே எழுதி வைக்கிறார்கள். சட்டப் பத்திரம் இல்லை, வெறும் நோட்டுதான். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டிலேயே இதை எழுதி வைக்கலாம்.

என்ன எழுதுவது? எரிப்பதா புதைப்பதா என்பதுதான் முதலில் வர வேண்டும். அடுத்து சடங்கு. பண்டாரம், ஓதுவார், சர்ச், சீர்திருத்த முறை என்று கெடாத் தமிழர்களுக்குள்ளேயே நாலைந்து வழி உண்டு. வீட்டில் இரண்டு மதம் இருந்தால் எழுத்தில் இருப்பது இன்னும் அவசியம். மகள் கொள்ளி வைக்க வேண்டும் என்று விரும்பினால் அதைத் தெளிவாக எழுத வேண்டும். பெண்கள் மின்சுடலை வரை வருவதும் கொள்ளி வைப்பதும் இன்று புதிதில்லை. ஆனாலும் சாவு வீட்டில் சத்தம் போடும் ஒரு மாமா போதும், எல்லாம் பழையபடி திரும்பிவிட. அப்பாவின் கையெழுத்து இருந்தால் மாமாவால் பேச முடியாது.

பிறகுதான் அந்த மனிதருக்கே உரியவை வருகின்றன. முப்பது வருடம் பால் வெட்டியவர் என்றால் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய உளியும் மங்கும் இருக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்றால் அவரிடம் படித்த ஒருவர் ஐந்து நிமிடம் பேசலாம். வானொலியில் பழைய பாட்டுக் கேட்டே பொழுதைக் கழித்தவருக்கு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகளே போகட்டும். மாலைகளுக்குப் பதில் தான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பணம் கொடுங்கள் என்று ஒருவர் எழுதி வைத்தால் அதைவிட அழகான மாலை எது? ஒப்பாரி கட்ட ஆள் இல்லாமல் போனாலும், ஒப்பாரி செய்த வேலையைப் பேரப்பிள்ளை ஒருவர் காகிதத்தில் எழுதி வாசிக்கலாம். எந்த ஊர், எந்தத் தோட்டம், என்ன உழைப்பு, யாரை வளர்த்தார் என்று சொன்னால் போதும். தமிழ் நேசன் பத்திரிகை 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அது இருந்தவரை அதன் கண்ணீர் அஞ்சலிப் பக்கங்களில் இந்தக் குடும்ப வரலாறுகள் கொஞ்சமாவது அச்சில் ஏறின. இன்று வாட்ஸ்அப்பில் ஒரு படமும் நேரமும் மட்டும் சுற்றுகின்றன.

கடைக்காரரிடம் முன்பே பேசினால் தெரியவரும் நுணுக்கங்கள் வேறு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் எரிக்கப்பட வேண்டுமானால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எரியும்போது அது வெடிக்கும், முன்பே எடுத்துவிட வேண்டும். உளியையும் பித்தளைச் சொம்பையும் கண்ணாடிப் புட்டியையும் பெட்டிக்குள் வைத்து மின்சுடலைக்கு அனுப்பக் கூடாது. அவை படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பெங்களூரிலோ லண்டனிலோ இருக்கும் மகன் வரும்வரை வைக்க வேண்டும் என்றால் குளிர்ப்பெட்டிக்கோ மருந்து ஏற்றுவதற்கோ உடனே சொல்லியாக வேண்டும், இந்த ஊர் வெயில் காத்திருக்காது. அடக்க அனுமதிச் சீட்டு இல்லாமல் எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது. இறந்தவரின் அடையாள அட்டை எங்கே என்று வீடு முழுக்கத் தேடும் கூத்து எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படக் கூடாது. அமெரிக்காவில் ஜெசிக்கா மிட்ஃபோர்ட் 1963இல் ஈமச்சேவைத் தொழிலின் விலைகளைப் பற்றி எழுதிய புத்தகம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1984இலிருந்து அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும் என்று கூட்டரசு விதி இருக்கிறது. இங்கேயும் கேட்டால் நல்ல கடைக்காரர் எழுதித் தருவார். பெட்டிக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, கூடாரம், பூ, பண்டாரம், தப்பு, மின்சுடலைக் கட்டணம், எட்டுக்கும் பதினாறுக்கும் சாமான் என்று வரிவரியாக வாங்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் எதை விடலாம் என்று குடும்பத்துக்குத் தெரியாது. துக்கத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார். விலை உயர்ந்த பெட்டியைத் தவிர்த்தால் அப்பா மேல் பாசமில்லை என்று ஊர் பேசுமோ என்று பயப்படுவார். எளிய பெட்டியே போதும் என்று அப்பாவே எழுதி வைத்திருந்தால் அந்தப் பயம் பிள்ளைக்கு இல்லை.

வர வேண்டிய பணமும் வராமல் போகிறது. ஊழியர் சேமநிதியில், 60 வயதுக்கு முன் இறந்த சந்தாதாரரின் குடும்பத்துக்கு 2,500 வெள்ளி மரண உதவி உண்டு. இறந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சொக்சோவிலும் இறுதிச் சடங்குக்கான உதவி இருக்கிறது. பதினாறு முடிந்து, கடன் அடைத்து, பிறகு யாரோ சொல்லித்தான் பல குடும்பங்கள் இதைக் கேள்விப்படுகின்றன. குடும்பக் கடைக்காரர்கள் ரசீதோடு இதையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அது பெரிய சேவையாக இருக்கும். சங்கங்கள் அந்தத் தாளை அச்சடித்துத் தரலாம். கைராட் என்று மாதம் சில வெள்ளி வசூலிக்கும் குழுக்கள் தாமான்களிலும் கோயில்களிலும் இருக்கின்றன. தோட்டத்துத் தலைக்கட்டு வசூலின் வாரிசு அதுதான். அதில் இளைஞர்கள் சேர வேண்டும்.

உடலைக் கொடுத்துவிட விரும்புகிறவர்களும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012இலிருந்து ‘மௌன ஆசான்’ என்ற திட்டத்தின் கீழ் மருத்துவ மாணவர்களுக்காக உடல் கொடுக்கப்படுகிறது. உறுப்புக் கொடை அட்டை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அட்டை இருந்தாலும் அந்த நேரத்தில் மருத்துவமனை குடும்பத்தைத்தான் கேட்கும். குடும்பத்துக்குத் தெரியாத அட்டையால் ஒரு பயனும் இல்லை. அடக்கம் பற்றிய விருப்பமும் அப்படியே. உயிலில் எழுதினாலும் சட்டம் அதை நிறைவேற்றியே தீரச் சொல்லாது. உயிலைத் திறக்கிற நேரத்தில் சாம்பல் கரைத்து முடிந்திருக்கும். மூத்த பிள்ளையிடமும் கடைக்காரரிடமும் ஒவ்வொரு பிரதி இருப்பதுதான் வேலைக்காகும்.

கடைசியாகத் தோட்டத்து இடுகாடுகள். கெடாவில் இன்னும் பல தோட்டங்களில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே, பழைய இடுகாடு இருக்கிறது. பாட்டி அங்கே படுத்திருக்கிறாள், தாத்தா அவள் பக்கத்திலேயே போக ஆசைப்படுகிறார். நிலம் கம்பெனியுடையது. கம்பெனி கைமாறியிருக்கலாம், கேட்டில் காவல் இருக்கலாம், பாதை மூடப்பட்டிருக்கலாம். செத்த அன்று காலையில் பெட்டியோடு போய் நின்றால் காவல்காரர் யாரையோ போனில் தேடிக்கொண்டிருப்பார். அந்த ஆசை உள்ள குடும்பங்கள் இந்த மாதமே தோட்ட மேனேஜருக்கு எழுத வேண்டும். எந்தக் குழிக்குப் பக்கம் என்று அடையாளம் காட்ட வேண்டும், படம் எடுத்துக் கடிதத்தோடு வைக்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் அதையும் தாத்தாவிடம் இப்போதே சொல்லிவிட்டு, வேறு என்ன செய்யலாம் என்று அவரையே கேட்க வேண்டும்.